பொம்மைக் கப்பலும் கமுகந்தடியும்

எண்ணெய் காய்ந்ததும் அக்கா மரச்சீனிக் கிழங்கு வில்லைகளை அள்ளிப் போட்டாள். சளசளவென்று ஓர் இரைச்சல் எழுந்து அடுக்களையை நிறைத்தது. நான் கையிலிருந்த பாலில்லாத கட்டன் சாயாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஒலி எனக்குப் பழக்கம். நாற்பது வருடத்துக்கு முன் எங்கள் வீட்டு முன்னறையில் மரக்கதவு போட்ட பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த கறுப்பு வெள்ளை டிவி, படம் கலங்கினால் இப்படித்தான் பொரியும்.

கிழங்கின் ஈரம் வற்ற வற்ற இரைச்சல் தணியும். தணிந்தால் வில்லை மொறுமொறுத்துவிட்டது என்று பொருள். அக்கா சட்டியைப் பார்க்கவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றவள், சத்தம் அடங்கிய நொடியில் திரும்பி அரிகரண்டியால் கோரி எடுத்தாள். ஒன்றுகூடக் கருகவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் அதிலிருந்து எதையும் புரிந்துகொள்ளவில்லை. என் வாழ்க்கையில் பல விஷயங்களைக் கவனித்ததோடு சரி.

அம்பூரியில் அது அவளுடைய கடைசிக் காலை. அத்தான் இறந்து இரண்டு வருடம். ரப்பர் தோட்டமும் வீடும் கைமாறிவிட்டன. மத்தியான வண்டியில் புனேக்கு, மகனிடம் போகிறாள். திரும்பி வரப் போகிறவள் மூன்று பெட்டி கட்டமாட்டாள். பெட்டி தூக்க உதவியாக நான் வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்தாள். உங்களிடம் மறைப்பானேன், நான் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல வந்திருந்தேன். ஒன்பது வயதில் செய்த ஒரு காரியத்துக்கான வாக்கியம். வெள்ளறடையில் பஸ் மாறும்போதும், மலை ஏறும் வளைவுகளிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இன்றைக்கு விட்டால் பிறகு போனில்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

சட்டைப்பையில் போன் கனத்தது. அதற்குள் பொம்மைக் கப்பல் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் பள்ளிக்கூடத்துப் பழைய பயல்களின் வாட்ஸப் குழுவில் எவனோ போட்டிருந்தான். பழைய கேசட்டிலிருந்து யாரோ எடுத்து இணையத்தில் ஏற்றிய படம். 'எலே இது நம்ம பொம்மக் கப்பல் இல்லியா' என்று அடியில் எழுதியிருந்தான். அதன் அசல் பெயர் எங்களில் எவனுக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும், கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும், அரை மணி நேரம். விண்வெளியில் சுற்றும் ஒரு கப்பல், அதற்குள் நூலில் ஆடும் பொம்மைகள். கேப்டனுக்குத் தாடை மட்டும் மேலும் கீழும் அசையும்; உதடு அசையாது. இன்னொருவனுக்கு ஒரு கண் இமைக்கும், மறு கண் ஒட்டிப்போயிருக்கும். நிலா தெர்மகோல். கப்பலே ஒரு பவுடர் டப்பா என்று பெரியவனான பிறகு என்னால் சொல்ல முடியும். அப்போது சொன்னவனை அடித்திருப்பேன்.

எங்கள் வீடு பாறசாலையிலிருந்து செங்கல் என்ற ஊருக்குப் போகும் வழியில் உள்ளே இறங்கி, ஒரு பள்ளத்தில். திருவனந்தபுரத்திலிருந்து வரும் படம் எங்கள் தலைக்கு மேலே போய்விடும். சித்தப்பா மஸ்கட்டிலிருந்து டிவியைக் கொண்டுவந்தாரே தவிர, பள்ளத்தை நிரப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே அப்பா ஒரு நெடிய கமுகை வெட்டி, உச்சியில் மீன்முள் போன்ற ஆன்டெனாவைக் கட்டி, முற்றத்தின் மூலையில் குழி தோண்டி நட்டார். குழி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. சாக்கைத் திணித்தும் கல்லை இடித்தும் பார்த்தார். கமுகந்தடி நிற்கும். ஆனால் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்ற மாடு பழைய வீட்டைப் பார்த்து நடப்பதுபோல, தெற்கே தமிழ்நாட்டுப் பக்கமாக. அந்தத் திசையில் அன்று படம் ஏதும் கிடையாது. திரையில் புள்ளிப் புள்ளியாகப் பனி மட்டும் பெய்யும்.

படம் வேண்டுமென்றால் ஒரு ஆள் தடியை வடமேற்காகத் திருகிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். பிடிப்பவருக்குப் படம் தெரியாது. ஜன்னல் மறுபக்கம்.

யார் பிடிப்பது என்பதில் எங்கள் வீட்டில் விவாதமே நடக்கவில்லை. முன்னறையில் ஊர்ப் பயல்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து நெருக்கி உட்காருவார்கள். "பயக்களுக்கு எடையில பெண்பிள்ள இருக்கது கொள்ளாது," என்றார் அப்பா. "நீ கமுகுக்க மூட்டில நில்லு மக்கா. இவனுவ பாத்துச் சொல்லுவானுவ." ஆக, நிழலில் எங்களோடு உட்காருவது கொள்ளாது, முறையல்ல. வெயிலில், வழியில் போகிற வருகிற அத்தனை பேரும் பார்க்க, தடியைக் கட்டிப்பிடித்து நிற்பது கொள்ளும். அதில் யாருக்கும் ஒரு கோணலும் தெரியவில்லை. எனக்கும்தான்.

கோயில் ஞாபகம் வருகிறது. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயருடைய பிரசங்கம் 'கடைசியாக ஒரு காரியம்' என்ற இடத்துக்கு வந்தால் இன்னும் கால் மணி நேரம் உண்டு என்று அர்த்தம். முடிவு ஆசீர்வாதத்துக்குக் கண் மூடும்போதே பயல்கள் பின்வாசலை அளந்திருப்பார்கள். நாங்கள் வயல் வரப்பில் ஓடுவோம். அக்காவும் ஓடுவாள், கோயிலுக்கு உடுத்த பாவாடையைக் கையில் தூக்கிக்கொண்டு. நாங்கள் வீட்டுக்குள் போவோம். அவள் முற்றத்திலேயே திரும்பித் தடிக்குப் போவாள்.

"தெளிஞ்சாலே?"

"இல்லக்கா. கொஞ்சம் அங்கோட்டு."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். ஆங். விடாத."

பொம்மைகள் பேசியது ஹிந்தி. அறையில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை விளங்காது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில்தான் ஹிந்தி தொடங்கும், நான் நாலு. களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வரும் பயல்களுக்கு, கேரள எல்லைக்கு அப்புறம், தமிழ்நாடு என்பதால், அதுவும் கிடையாது. எனவே ஆளுக்கொரு கதை. பக்கத்து வீட்டுக் கொத்தனார், "இது ருஷ்யாக்காரனுக்க வேலையாக்கும்," என்று தீர்ப்புச் சொன்னார். ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார் ஒருநாள் வந்து வாசற்படியில் நின்றபடியே பார்த்துவிட்டு, வெளிப்படுத்தின விசேஷத்தில் சொன்ன கடைசிக் காலம் வந்துவிட்டது என்று வருத்தத்தோடு போனார்.

ஹிந்தி தெரிந்த ஒரே ஆள் வெளியே தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா எட்டாம் வகுப்பு. ஹிந்தியில் எப்போதும் அவள்தான் முதல். டீச்சர் அவளுடைய நோட்டை மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். பாறசாலை ஸ்டேஷனில் ஊர்ப் பெயர் எழுதிய பலகையில் எங்களுக்கெல்லாம் கம்பியில் காயப்போட்ட துணி மாதிரி தெரிந்த ஹிந்தி எழுத்தை அவள் ஒரு விரலால் காற்றில் எழுதிக் காட்டுவாள். இதை இன்றைக்கு எழுதும்போது எவ்வளவு எளிதாகக் கணக்கைக் கூட்ட முடிகிறது. அன்று கூட்டவில்லை.

கதை சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். படம் முடிந்ததும் அக்கா கிணற்றடிக்குப் போவாள். உள்ளங்கை சிவந்திருக்கும், கமுகின் செதில் குத்தியிருக்கும். அவள் தண்ணீர் கோர, நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அன்றைய கதையைச் சொல்வேன். வெள்ளித்தாள் உடுப்புப் போட்ட ஒரு பொம்மை இருந்தது. அவளுக்கு வெள்ளிக்காரி என்று பெயர் வைத்தேன். அவளை ஒரு நட்சத்திரத்தில் மறந்துவிட்டு வந்துவிட்டார்கள். கேப்டன் அவளைத் தேடித்தான் இத்தனை ஊர் சுற்றுகிறான். இது முழுக்க நான் திரித்த கயிறு. அக்கா குடத்தை நிறைத்தபடி கேட்பாள். "பெறவு?" என்பாள். "அவளுக்குப் பசிக்காதாலே அங்க?" என்பாள். நான் அதற்கும் பதில் வைத்திருப்பேன். அந்த வயதில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வாசகி அவள். பிறகு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்பதை என் புத்தகங்களின் கதி சொல்லும்.

இனி அந்தக் காரியம்.

ஒருமுறை படம் நன்றாகத் தெளிந்தபோது "தெளிஞ்சுக்கா" என்று கத்திவிட்டேன். அவள் தடியை ஒரு கல்லால் முட்டுக்கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடிவந்தாள். கேப்டனின் தாடையை ஒருதரம் பார்த்திருப்பாள். அதற்குள் தடி திரும்பி, பனி பெய்து, பயல்கள் என்னை மொத்தினார்கள். அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். தெளிந்தாலும் தெளிந்தது என்று சொல்லக்கூடாது. "கொஞ்சம் கலங்குது, விடாதக்கா." ஒவ்வொரு ஞாயிறும், அரை மணி நேரம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை.

ஒருநாள் கிணற்றடியில் அவளே சொன்னாள். "அடுத்த ஞாறாச்சையோட தீருதாம்." எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. "கடைசி அன்னைக்காவது நீ தடியப் பிடிலே. நான் ஒருக்கா இருந்து பாக்கேன்."

"சரிக்கா. நான் பிடிக்கேன்."

"சத்தியமா?"

உள்ளே ஓடி, மேசையிலிருந்த வேதப்புத்தகத்தை எடுத்துவந்து அதன் மேல் கை வைத்தேன். உபதேசியார் அறிந்தால் தோலை உரித்திருப்பார்.

அந்த ஞாயிறு தூறல். ஐயர் கடைசியாக இரண்டு காரியம் சொன்னார். ஓடிவந்து சேரும்போது படம் தொடங்கும் நேரம். அக்கா, "நான் முதல்ல திருப்பி வைக்கேன், தெளிஞ்சதும் நீ வா," என்று தடிக்குப் போனாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அத்தனை வாரத்தில் ஒருநாளும் படம் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. கேப்டனின் இடது கையில் கட்டியிருந்த நூல்கூடத் தெரிந்தது.

"தெளிஞ்சாலே?"

"இல்லக்கா."

பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டாள். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மழை வலுத்தது. முடிந்ததும் நனைந்த பாவாடையோடு வந்து வாசலில் நின்றாள். திரையில் ஒருவர் உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "தீந்தா?" என்றாள்.

"முழுக்க கலங்கித்தான் கெடந்துக்கா. உனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

அன்று மாலை, வெள்ளிக்காரியை கேப்டன் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான் என்று கதையை முடித்து வைத்தேன். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "அது நல்லதாச்சு," என்றாள்.

சின்ன விஷயம்தானே என்பீர்கள். நானும் முப்பது வருடம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒருமுறை ருசி கண்டால் மனிதன் அந்த வேலையை வேறு இடங்களிலும் செய்துபார்ப்பான். பத்தாம் வகுப்பு முடித்து அக்கா நெய்யாற்றின்கரையில் ஹிந்திப் பரீட்சைகளுக்குப் படித்தாள். மாலை வகுப்பு. இரண்டு பரீட்சை தேறினாள். இன்னும் இரண்டு எழுதினால் டீச்சராகலாம். அந்த வகுப்பு விடும்போது இருட்டிவிடும்; பஸ் இறங்கி வயல் வழியே தனியாக வரவேண்டும் என்பதால் அப்பா என்னைத் துணைக்குப் போகச் சொன்னார். நாலு நாள் போனேன். ஐந்தாம் நாள் எனக்குக் கால்பந்து. "எனக்குப் பரீச்சைக்கு படிக்காண்டாமா," என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். துணைக்கு ஆளில்லாத படிப்பு நின்றது. பத்தொன்பதில் கல்யாணம், அம்பூரி. மலைக்கு மறுபக்கமாக இருந்த அந்த வீட்டில் ரொம்ப காலம் எந்த டிவியிலும் படம் வரவில்லை. எத்தனை உயரம் தடி நட்டாலும்.

"என்னலே, சாயா ஆறிப்போச்சு. யோசன பலமா இருக்கு," என்றாள் அக்கா. வில்லைகளில் உப்புத்தண்ணீர் தெளித்து, அடுத்த ஈட்டைப் போட்டாள். மறுபடி இரைச்சல்.

போனை எடுத்தேன். அங்கே இன்றும் சிக்னல் சரிவராது என்று தெரிந்து படத்தை முன்பே இறக்கி வைத்திருந்தேன். கடைசிப் பகுதி. "அக்கா, உனக்கொரு சாதனம் காட்டட்டா. பொம்மக் கப்பல்."

அவள் கை ஒரு நொடி நின்றது. "அது இப்பளும் உண்டா?"

"இந்தா பாரு." எழுந்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். நாற்பது வருடம் கழித்து, முழுத் திரையும், தெள்ளத் தெளிவாக, ஆடாமல்.

அவள் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமாக அல்ல. குழம்பில் உப்புப் பார்க்கச் சொன்னால் 'நீயே பாரு' என்பதுபோல. "எனக்குப் பாக்காண்டாம். அங்க மேசையில வச்சுட்டு சத்தத்த கூட்டு. நான் கேட்டுக்கிடுதேன்."

"ஒருக்கா பாருக்கா. இதுக்காகத்தான் நான்..."

"சத்தத்த கூட்டு மக்கா."

கூட்டினேன். கேசட் இரைச்சலும் எண்ணெய் இரைச்சலும் கலந்து ஒன்றானது. பிறகு கேப்டன் பேசினான். அக்கா எண்ணெயைக் கிளறிக்கொண்டே, அவன் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிக்க, எனக்குச் சொன்னாள்.

"பூமி சூரியனச் சுத்த எத்தன நாளுண்ணு கேக்கான்... அந்த ஒத்தக்கண்ணன் தெரியாதுண்ணுதான், மண்டன்... தண்ணியத் தெளப்பிச்சுக் குடிக்கணுமாம். இல்லேண்ணா கிருமி. வாராவாரம் இதான அவனுக்குப் பாட்டு."

நான் தூக்கி வைத்து வளர்த்த காவியம், பிள்ளைகள் வெந்நீர் குடிப்பதற்காக அரசாங்கம் எடுத்த பாடம். சிரிப்பு வந்தது. "அப்ப வெள்ளிக்காரி?"

"அது மனுசியே இல்ல. கப்பலுக்க மெஷினாக்கும். ரேடியோ மாதிரி. அதுக்குப் பேரும் கெடையாது." சட்டியில் சத்தம் தணிந்தது. அக்கா கோரினாள். போனில் இசை மாறியது. "இப்ப கப்பல் திரும்பிப் போகுது. அத அங்கயே வச்சிட்டுப் போறாவ. பூமிக்கு சேதி அனுப்ப ஒண்ணு அங்க நிக்கணும்லா. அவ்வளவுதான் கத."

"நான் அவள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததா சொன்னேன்."

"சொன்ன. கேக்க நல்லா இருந்து."

"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"காதுண்டுல்லா எனக்கு."

அப்போதுதான் என் வாக்கியத்தைச் சொன்னேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வடிவத்தில் அல்ல. "அக்கா, அந்தக் கடைசி ஞாறாச்சை படம் கலங்கல்ல. நல்லா தெளிஞ்சுதான் கெடந்து."

"தெரியும்."

"எப்பிடி?"

"படம் தெளிஞ்சா இரைச்சல் நிக்கும். பேச்சு மணிமணியா கேக்கும். அதுகூட அறியாமலா வருசம் முழுக்க தடியப் பிடிச்சேன்?" அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் காலையில் முதல்தடவையாக. "எல்லா ஞாறாச்சையும் தெரியும்."

"பெறவு ஏன் விடாமப் பிடிச்ச? போட்டுட்டு வந்திருக்கலாம்லா."

"விட்டா எனக்கும் கேக்காதே."

அவள் அடுப்பை அணைத்தாள். வில்லைகளை டின்னில் அள்ளினாள். மூடியை அழுத்தியபடி, என்னிடம் இல்லாமல் டின்னிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "நீ வந்து மாத்துவேண்ணுதான் அன்னைக்கு மழையில நிண்ணேன். வேதப்புஸ்தகத்த தொட்டியே. அது வேற காரியம்."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன். "பெட்டியை எடு, காரு வந்தாச்சு," என்றாள்.

காரில் மலை இறங்கி வரும் வழியெல்லாம் நான் இல்லாமல்போனவற்றை எண்ணிக்கொண்டு வந்தேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. கவிதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு வேறு வேலை என்ன. அப்பா இல்லை. கமுகந்தடி கறையான் தின்று விழுந்தது. குழியின் மேல் நான்தான் சிமென்ட் போட்டு ஸ்கூட்டர் நிறுத்துகிறேன். அந்த இரைச்சலே இப்போது உலகத்தில் இல்லை. இன்றைய டிவியில் படம் வராவிட்டால் திரை நீலமாகி, ஒரு சத்தமும் இல்லாமல் கிடக்கும். தெளிந்ததா இல்லையா என்பதை வெளியே நிற்கும் ஒருவர் காதால் அறிய வழியே இல்லை. அக்காவுக்கு ஹிந்தி மட்டும் மிஞ்சியிருக்கிறது. "அங்க எல்லாம் ஹிந்திதானே. காய்கறிக்காரன்கிட்ட பேசலாம்," என்றாள் அமரவிளைப் பாலம் தாண்டும்போது. டீச்சராக வேண்டியவள் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசப் போகிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் வண்டி அதிக நேரம் நிற்காது. பெட்டிகளை ஏற்றி, டின்னை அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கினேன். ஜன்னல் கம்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வண்டி அசைந்தது. நான் கூடவே நடந்தேன்.

"போய்ச் சேந்ததும் போன்ல விளிக்கா."

"விளிக்கேன்," என்றாள். "எடுத்துப் பேசு. தெளியல்லண்ணு சொல்லாத."